வண்ண மீன் விற்கும் உறுப்பினர் கவனத்திற்கு: தொட்டியில் நோய், கல்லாவில் நஷ்டம்

வண்டு விழுந்த அரிசி மூட்டையை நல்ல மூட்டைகளோடு சேர்த்து அடுக்கினால் என்ன ஆகும் என்பதை மளிகைக் கடைக்காரருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. புதிதாக வந்த மூட்டையைப் பிரித்து, ஒரு கைப்பிடி அள்ளி, வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் கிடங்கிற்குள் விடுகிறோம். பழைய சரக்கு முன்னே, புதுச் சரக்கு பின்னே என்று வரிசை மாறாமல் அடுக்குகிறோம். இதே மளிகைக்காரர்கள், கடையின் பக்கவாட்டில் நான்கு கண்ணாடித் தொட்டிகள் வைத்து வண்ண மீன் விற்கத் தொடங்கியதும், இந்தப் பாடத்தை மறந்துவிடுகிறார்கள். மறந்தவர்களில் நாங்களும் உண்டு. அந்த அனுபவத்தையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் சக வணிகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மளிகை, பேன்சி, ஸ்டேஷனரி கடைகளில் ஒரு மூலையில் மீன் தொட்டி வைத்து விற்பது இன்று பல ஊர்களில் சாதாரணமாகிவிட்டது. கொஞ்சம் இடம் போதும். பிள்ளைகள் வந்து நிற்கும். மீன் வாங்கியவர் தீவனம் வாங்க மாதந்தோறும் வருவார். வந்தவர் கூடவே சோப்பும் சீரகமும் வாங்குவார். சரக்கும் தொலைவில் இல்லை. சென்னை கொளத்தூர் வண்ண மீன் மொத்த வியாபாரத்திற்குப் பெயர் பெற்ற இடம். திருவள்ளூர் மாவட்டத்திலும் மதுரைப் பக்கத்திலும் கப்பி, மோலி, ஏஞ்சல், தங்க மீன், ஃபைட்டர் முதலியவற்றைச் சிமெண்ட் தொட்டிகளில் வளர்த்துத் தருவோர் இருக்கிறார்கள். ஆனால் இது உயிருள்ள சரக்கு. பருப்பு விற்காவிட்டால் அடுத்த மாதம் விற்கலாம். மீனுக்கு நோய் வந்தால் அடுத்த வாரம் என்பதே இல்லை.

எங்கள் கடையில் நடந்தது

2018ஆம் ஆண்டு ஐப்பசி மாதம், தீபாவளி முடிந்த மறு வாரம். பண்டிகைப் பணம் பிள்ளைகள் கையில் இருக்கும்போதே விற்றுவிடலாம் என்று எண்ணி, ஒரே நடையில் ஏறக்குறைய இருநூறு மீன்கள் கொள்முதல் செய்து வந்தோம். அடைமழைக் காலம். கடை திறந்திருந்தது, வாடிக்கையாளர் நின்றிருந்தார்கள். அவசரம். கவர்களைப் பிரித்து, கவர் தண்ணீரோடு அப்படியே ஆறு தொட்டிகளிலும் கொட்டினோம். ஏற்கெனவே இருந்த பழைய மீன்களும் அதே தொட்டிகளில்தான். ஆறு தொட்டிக்கும் ஒரே வலை.

நான்காம் நாள் சில மோலிகள் தொட்டியின் கல்லில் உடம்பை உரசிக்கொண்டு ஓடின. விளையாடுகின்றன என்று நினைத்தோம். ஐந்தாம் நாள் இரண்டு ஏஞ்சல் மீன்களின் துடுப்பில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். அன்றைக்கும் அந்தத் தொட்டியிலிருந்து மீன் விற்றோம். புள்ளி இல்லாத மீனாகப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தோம். அதுதான் நாங்கள் செய்த பெரிய பிழை. பன்னிரண்டாம் நாள் கணக்குப் பார்த்தபோது நூற்று நாற்பதுக்கு மேல் செத்திருந்தன.

மீன் நஷ்டம் ஒரு கணக்கு. அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று பின்னால் வந்தது. எங்களிடம் ஒன்பது ஆண்டுகளாக மாதப் பற்று வைத்திருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பேரனுக்காக நான்கு மீன்கள் வாங்கிப் போயிருந்தார். அந்தப் பையன் இரண்டு ஆண்டுகளாக வளர்த்து வந்த தங்க மீன்களும் சேர்ந்து போய்விட்டன. அவர் கடைக்கு வந்து சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, காசு வேண்டாம். ஒன்றே ஒன்று சொல்லுங்கள். தொட்டியில் சீக்கு இருப்பது தெரிந்தா கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். "இல்லை சார், புள்ளி இல்லாத மீனாகத்தான் பார்த்துக் கொடுத்தோம்" என்றோம். சொன்ன பிறகுதான் எங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பது உறைத்தது. மாதக் கடைசியில் பாக்கியைச் சுத்தமாகக் கட்டிவிட்டு, பற்று நோட்டை வாங்கிக்கொண்டு போனார். நான்கு மீன் விற்ற பணத்திற்காக, ஒரு குடும்பத்தின் மாத மளிகை வியாபாரத்தை இழந்தோம்.

மொத்த வியாபாரியிடம் போய்க் கேட்டோம். அவர் தொட்டியில் மீன்கள் நன்றாகத்தான் இருந்தன. அவர் பொய் சொல்லவில்லை என்பது பிறகு விவரம் தெரிந்தபோது புரிந்தது. அந்த விவரங்களைக் கீழே தருகிறோம்.

முதலில் தண்ணீர், பிறகுதான் மருந்து

மீன் செத்தால் உடனே மருந்துக் கடைக்கு ஓடுவது நம்மவர் வழக்கம். ஆனால் கடைத் தொட்டிகளில் பாதிக் கோளாறு நோயே அல்ல, தண்ணீர். எல்லா இன மீன்களும் ஒரே இரவில் மேலே வந்து வாயைப் பிளந்தால் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். ஒரே இனத்தில் ஒவ்வொன்றாக, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் நோயைச் சந்தேகிக்க வேண்டும். இது முழுமையான சோதனை அல்ல என்றாலும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று காட்டும்.

மீனின் கழிவும், தின்னாமல் விட்ட தீவனமும் அம்மோனியாவாக மாறுகின்றன. ஃபில்டரில் வளரும் நல்ல பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட் ஆகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட் ஆகவும் மாற்றுகின்றன. இந்தப் பாக்டீரியா புதுத் தொட்டியில் போதிய அளவு வளர நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஆகவே புதுத் தொட்டியில் முதல் நாளே நூறு மீனை விடுவது, பள்ளம் தோண்டிப் பணத்தைப் புதைப்பதற்குச் சமம். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவுவதும் அதே தவறுதான். குளோரின் அந்த நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து ஒரு வாளி தண்ணீர் எடுத்து, அதிலேயே ஸ்பாஞ்சைப் பிழிந்து கழுவ வேண்டும்.

நகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் முழுக்கக் காற்று மோட்டார் ஓடவிட்டு வைத்தாலோ, 'ஹைப்போ' எனப்படும் சோடியம் தயோசல்பேட் படிகத்தைச் சிறிது கரைத்தாலோ குளோரின் நீங்கும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இல்லை என்று அப்படியே விடக் கூடாது. அதில் பிராணவாயு குறைவாக இருக்கும். அதையும் ஒரு நாள் காற்றடித்து வைத்தே பயன்படுத்த வேண்டும்.

மளிகைக் கடைக்கு மட்டும் உரிய ஓர் ஆபத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கரப்பான் மருந்து, கொசுவர்த்தி, கொசு விரட்டித் திரவம் ஆகியவற்றில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்து இருக்கிறது. மனிதருக்கு அவ்வளவு கேடு செய்யாத அளவுகூட மீனைக் கொன்றுவிடும். காற்று மோட்டார் கடைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் செலுத்துகிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இரவு கடை சாத்தும்போது மருந்தடித்துவிட்டுப் போய், காலையில் தொட்டி நிறைய மீன் மிதந்தால் அதை நோய் என்று சொல்லிப் பயனில்லை. மிளகாய்த்தூள், பினாயில், சோப்புத்தூள் அளந்த கையைக் கழுவாமல் தொட்டிக்குள் விடுவதும் கூடாது.

சரக்கு வந்து இறங்கும் நேரம்

பிராணவாயு அடைத்த கவரில் மீன் பல மணி நேரம் பயணம் செய்து வருகிறது. மீன் விடும் கரியமில வாயு கவருக்குள்ளேயே தங்கித் தண்ணீரைச் சற்று அமிலத் தன்மையாக்கும். அந்த நிலையில், சேர்ந்திருக்கும் அம்மோனியா பெரும்பாலும் தீங்கு குறைந்த வடிவில் அடங்கிக் கிடக்கும். கவரைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறுகிறது. அமிலத் தன்மை குறைகிறது. அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாக மாறுகிறது. ஆகவே கவரைத் திறந்து வைத்துவிட்டு வாடிக்கையாளருக்குப் பொட்டலம் கட்டப் போவது பெரும் தவறு.

செய்ய வேண்டிய முறை இது. கட்டிய கவரை அவிழ்க்காமல் பதினைந்து, இருபது நிமிடம் தொட்டித் தண்ணீரில் மிதக்க விடுங்கள். வெப்பம் சமமாகும். பிறகு அவிழ்த்து, தாமதிக்காமல் ஒரு வலை வழியாக வடித்து, மீனை மட்டும் தொட்டிக்குள் விடுங்கள். கவர் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போக வேண்டாம். அதில் அம்மோனியாவும் இருக்கும், பிறர் தொட்டியின் கிருமியும் இருக்கும். வந்த அன்று தீவனம் போட வேண்டாம். விளக்கையும் அணைத்து வையுங்கள். சரக்கு இறங்கும் நேரத்தை, கடையில் கூட்டம் இல்லாத நேரமாக வைத்துக்கொள்வது நலம்.

தனித் தொட்டி: வண்டு பார்க்கும் இடம்

புதிதாக வந்த மீனை விற்பனைத் தொட்டியில் விடாமல், தனியாக ஒரு தொட்டியில் வைத்துப் பார்ப்பதே நோய்த் தடுப்பின் முதற்படி. இரண்டு முதல் நான்கு வாரம் வைப்பது நல்லது என்பர். சில்லறைக் கடையில் அவ்வளவு நாள் முடியாது என்பது உண்மைதான். குறைந்தது ஒரு வாரம், இயன்றால் பத்து நாள் வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் வெண்புள்ளி போன்ற நோய்கள் பெரும்பாலும் அதற்குள் முகம் காட்டிவிடும்.

இதற்குப் பெரிய செலவில்லை. அலங்காரக் கல், செடி எதுவும் இல்லாத ஒரு வெறும் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதற்கென்றே ஒரு வலை, ஒரு வாளி, ஒரு குழாய். அந்த ஸ்பாஞ்சை முன்கூட்டியே ஆரோக்கியமான தொட்டி ஒன்றில் போட்டுப் பழக்கி வைத்திருந்தால் பாக்டீரியா தயாராக இருக்கும். இந்தத் தொட்டியில் "விற்பனைக்கு அல்ல" என்று அட்டை ஒட்டுங்கள். வாடிக்கையாளர் வற்புறுத்துவார். "வந்து மூன்று நாள்தான் ஆகிறது, அடுத்த வாரம் தருகிறோம்" என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொண்டு போவதில்லை. நம்பிக்கை கூடுகிறது என்பதே எங்கள் அனுபவம்.

எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே தண்ணீர் சுற்றி வரும்படி குழாய் இணைப்பு வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு தொட்டியில் நோய் என்றால் எல்லாத் தொட்டியிலும் நோய்தான். அத்தகையோர் தனித் தொட்டியை அந்த இணைப்பில் சேர்க்கவே கூடாது.

வெண்புள்ளி நோய்

கடைத் தொட்டிகளில் அதிகம் காணப்படும் நோய் இதுவே. இதற்குக் காரணம் இக்தியோஃப்தீரியஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. கடைக்காரர்கள் சுருக்கமாக 'இக்' என்பார்கள். இதன் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால்தான் மருந்து ஏன் சில நேரம் பலிப்பதில்லை என்பது விளங்கும்.

மீனின் தோலுக்கு அடியில் புகுந்து வளரும்போதுதான் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது. அப்போது தோல் அதற்குக் கவசம், எந்த மருந்தும் எட்டாது. முற்றியதும் மீனை விட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டிக்கொள்கிறது. அக்கூட்டிற்குள் ஒன்று நூற்றுக்கணக்கில் பெருகும். பிறகு கூடு வெடித்து, குஞ்சுகள் நீந்தி வேறு மீனைத் தேடும். சுமார் இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும். உப்பும் மருந்தும் வேலை செய்வது நீந்தித் திரியும் இந்த நிலையில் மட்டுமே.

இதிலிருந்து மூன்று பாடங்கள். முதலாவது, புள்ளி மறைந்துவிட்டால் நோய் போயிற்று என்று அர்த்தமல்ல. உதிர்ந்து கீழே போய்ப் பெருகிக்கொண்டிருக்கிறது. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் மருத்துவத்தை நிறுத்தக் கூடாது. இரண்டாவது, புள்ளி இல்லாத மீன் நல்ல மீன் என்றும் அர்த்தமல்ல. செவுளுக்குள் ஒட்டுண்ணி இருந்தால் வெளியே தெரியாது. இங்கேதான் நாங்கள் அந்த ஆசிரியருக்குத் துரோகம் செய்தோம். மூன்றாவது, ஒருமுறை நோய் கண்டு பிழைத்த மீனுக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். அது நலமாக இருந்துகொண்டே நோயைப் பிறவற்றிற்குக் கொடுக்கும். மொத்த வியாபாரியின் மீன் அங்கே நன்றாக இருந்து, நம் தொட்டியில் நோய் வெடிப்பதற்கு இதுவும், பயணக் களைப்பும், திடீர்க் குளிர்ச்சியும் காரணம். மழைக் காலத்தில் இந்நோய் மிகுதியாவது இதனால்தான்.

வெப்பம் ஏற ஏற ஒட்டுண்ணியின் சுற்று வேகமாகும். 25 டிகிரி செல்சியஸ் அளவில் ஒரு சுற்று ஒரு வாரத்திற்குள் முடியும். 10 டிகிரியில் ஒரு மாதத்திற்கும் மேலாகும். ஆகவே ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துக் கடைக்காரர்கள் நம்மைவிட நீண்ட நாள் பொறுமை காட்ட வேண்டும். ஹீட்டர் வைத்து மெதுவாக 30 டிகிரிக்குக் கொண்டுபோனால் பெரும்பாலான வகை ஒட்டுண்ணிகள் பெருகுவது தடைபடும். ஆனால் சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. காற்று மோட்டாரைக் கூட்டி வைக்க வேண்டும்.

உப்பு, நம் கடையிலேயே உள்ள மருந்து

வெண்புள்ளிக்கு ஆரம்ப நிலையில் கல் உப்பே நல்ல மருந்து. அளவு, ஒரு லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை. ஒரேயடியாகக் கொட்டாமல், தனியே கரைத்து, ஒரு நாளில் மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். மோலி, கப்பி, பிளாட்டி, தங்க மீன் ஆகியவை உப்பை நன்கு தாங்கும். செதில் இல்லாத கெளுத்தி வகைகளுக்குக் குறைந்த அளவே போதும். தொட்டிச் செடிகள் உப்பில் வாடிவிடும், முன்பே எடுத்துவிடுங்கள்.

இங்கே அளவுதான் முக்கியம். கணக்கு இப்படிப் போட வேண்டும். நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி, 61ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 24 அங்குல நீளம், 12 அங்குல அகலத் தொட்டியில் 13 அங்குலம் தண்ணீர் நின்றால், 24 x 12 x 13 = 3,744. அதை 61ஆல் வகுத்தால் சுமார் 61 லிட்டர். அடியில் கல் போட்டிருந்தால் அது பிடித்த இடத்தைக் கழித்து 55 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 2 கிராம் வீதம் 110 கிராம் உப்பு. தராசு நம்மிடம்தான் இருக்கிறது, கைப்பிடிக் கணக்கு எதற்கு?

மருத்துவ நாட்களில் தண்ணீர் மாற்றினால், எடுத்த தண்ணீருக்கு உரிய உப்பை மட்டும் சேர்க்க வேண்டும். 14 லிட்டர் எடுத்தால் 28 கிராம். ஆவியாகிக் குறைந்ததற்கு வெறும் தண்ணீர் போதும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாவதில்லை.

உப்புக்கு அடங்காவிட்டால், கடைகளில் கிடைக்கும் வெண்புள்ளி மருந்தை லேபிளில் உள்ள அளவுப்படி போடலாம். இவற்றில் பலவற்றில் மாலகைட் பச்சை இருக்கிறது. கையில் படாமல், முகர்ந்து பார்க்காமல் பயன்படுத்த வேண்டும். உண்ணும் மீனுக்கு இதைப் பயன்படுத்தப் பல நாடுகளில் தடை உண்டு. கறி மீன் விற்கும் இடத்தில் இம்மருந்தை வைக்கவே வேண்டாம். தாமிரம் கலந்த மருந்துகள் நத்தை, இறால் ஆகியவற்றைக் கொன்றுவிடும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

வேறு சில நோய்கள்

வாய்ப் பஞ்சு: வாயைச் சுற்றியும் முதுகிலும் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கும். பலரும் பூஞ்சை என்று எண்ணுவார்கள். பெரும்பாலும் இது காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோய். வெப்பம் கூடினால் இது தீவிரமாகும். வெண்புள்ளி என்று தவறாக எண்ணித் தண்ணீரைச் சூடாக்கினால் ஓரிரு நாளில் தொட்டியே காலியாகும். புள்ளி தனித் தனியாக உப்புக் கல்போல் இருந்தால் வெண்புள்ளி, படையாகப் படர்ந்திருந்தால் இது. சூடேற்றும் முன் இதைப் பிரித்தறிய வேண்டும்.

துடுப்பு அழுகல்: துடுப்பின் ஓரம் கிழிந்து, வெளுத்து, நாளுக்கு நாள் குறையும். நெருக்கமும் அழுக்குத் தண்ணீருமே மூலகாரணம். மீன் எண்ணிக்கையைக் குறைத்து, நாள்தோறும் கால் பங்கு தண்ணீர் மாற்றினாலே ஆரம்ப நிலையில் குணமாகும்.

பொன்தூள் நோய்: உடம்பில் மஞ்சள் தூள் தூவியதுபோல் இருக்கும். இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் நன்கு தெரியும். மீன் வேகமாக மூச்சு வாங்கும். வெண்புள்ளியைவிட வேகமாகக் கொல்லும்.

வயிறு வீக்கம்: உடல் உப்பி, செதில்கள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். உள்ளுறுப்புகள் கெட்ட பிறகே இந்நிலை தெரிவதால், பிழைப்பது அரிது. தனியே பிரித்துவிடுவதே வழி.

நங்கூரப் புழு, மீன் பேன்: தங்க மீனிலும் காய் கார்ப்பிலும் அதிகம். கண்ணுக்கே தெரியும். வாங்கும்போதே ஒவ்வொரு மீனையும் பார்த்தால் கடைக்குள் வராது. சாக்கடை ஓரங்களில் எடுக்கப்படும் உயிர்ப் புழுத் தீவனமும் நோயைக் கொண்டுவரும். அதற்குப் பதில் உலர் தீவனமே மேல்.

கேப்ஸ்யூல் உடைத்துக் கொட்டும் வழக்கம்

மருந்துக் கடையில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் வாங்கி, உடைத்துத் தொட்டியில் கொட்டுவது பல கடைகளில் வழக்கமாக இருந்து வருகிறது. நாங்களும் செய்தோம். இதில் மூன்று கேடுகள். ஒன்று, வெண்புள்ளி ஒட்டுண்ணியை ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது. இரண்டு, கடினத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து டெட்ராசைக்ளினைப் பிடித்துக்கொள்ளும். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கொட்டிய மருந்தில் பெரும்பங்கு வீண். மூன்று, ஃபில்டரின் நல்ல பாக்டீரியா சாகும், அம்மோனியா ஏறும், நோயில் பிழைத்த மீன் தண்ணீரில் சாகும். அன்றியும், அரைகுறை அளவில் போடப் போட மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகும். அது மீனோடு நிற்கும் ஆபத்து அல்ல.

தொடர்ந்து சாவு இருந்தால் மீன்வளத் துறை அலுவலரையோ, மீன்வளக் கல்லூரியையோ அணுகுவதே முறை. 2012இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டுள்ளது. தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் அதன் கல்லூரிகள் உள்ளன. செத்து நாறிய மீனால் பயனில்லை. நோயுள்ள மீனை உயிரோடு கொண்டுபோனால்தான் சோதித்துச் சொல்ல முடியும்.

வலையும் கையும்

தொட்டிக்கு ஒரு வலை என்பது சட்டமாக இருக்கட்டும். இயலாவிட்டால் நோயுள்ள தொட்டிக்காவது தனி வலை வேண்டும். பயன்படுத்திய வலையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்கி, நன்றாக அலசி, வெயிலில் முழுக்கக் காய வையுங்கள். வெண்புள்ளி ஒட்டுண்ணிக்குக் காய்தலே எமன். தொட்டி வேலையை எப்போதும் நல்ல தொட்டியில் தொடங்கி, நோயுள்ள தொட்டியில் முடிக்க வேண்டும். நோய் கண்ட தொட்டியை, நம் வெப்பத்தில், மீனே இல்லாமல் ஒரு வாரம் விட்டால் வெண்புள்ளி ஒட்டுண்ணி பட்டினியில் மாண்டுவிடும்.

கடைப் பையன்களின் கையையும் கவனிக்க வேண்டும். மீன்களுக்கு வரும் ஒருவகைக் காசநோய்க் கிருமி, கையில் உள்ள வெட்டுக் காயம் வழியாக மனிதருக்கும் தொற்றும். வாரக்கணக்கில் ஆறாத கட்டியாக நிற்கும். காயம் உள்ளவர் கையுறை இல்லாமல் தொட்டியில் கை விடக் கூடாது. அப்படிக் கட்டி வந்தால், மீன் தொட்டியில் வேலை செய்வதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். வாயால் உறிஞ்சிக் குழாயில் தண்ணீர் இறக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

செத்த மீனையோ, பிழைக்காது என்று தோன்றும் மீனையோ ஏரியிலும் கால்வாயிலும் வீசக் கூடாது. பிளீச்சிங் பவுடர் தூவிப் புதைக்க வேண்டும். தொட்டி சுத்தம் செய்யும் என்று நாம் விற்ற சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி, வலை போடுவோர் பிழைப்பைக் கெடுப்பதை எல்லோரும் அறிவோம். அந்தப் பழி நம் தொழிலுக்கு மீண்டும் வர வேண்டாம்.

விற்பனையில் நேர்மை

இப்போது எங்கள் கடையில் கடைப்பிடிக்கும் விதிகள் இவை:

1. ஒரு தொட்டியில் ஒரு மீனுக்கு நோய் தெரிந்தாலும் அந்தத் தொட்டி முழுவதும் விற்பனை நிறுத்தம். துணி போட்டு மறைப்பதில்லை. "மருத்துவத்தில் உள்ளது" என்று அட்டை வைக்கிறோம்.

2. தினமும் காலையில் விளக்குப் போட்டு, தீவனம் போடும் நேரத்தில் ஒவ்வொரு தொட்டியையும் ஐந்து நிமிடம் பார்க்கிறோம். தீனிக்கு வராத மீன்தான் முதல் எச்சரிக்கை.

3. தொட்டிக்கு ஒரு பக்கம் வீதம் நோட்டு உண்டு. வந்த தேதி, எங்கிருந்து வந்தது, எத்தனை, செத்தது, விற்றது, போட்ட உப்பு அல்லது மருந்து எல்லாம் அதில் ஏறும். இரண்டு மாதத்தில் எந்தச் சரக்கு நல்ல சரக்கு என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். மொத்த வியாபாரியிடம் பேசும்போதும் கையில் கணக்கு இருக்கும்.

4. வாங்குவோரிடம், வீட்டில் பழைய மீன் உண்டா என்று கேட்கிறோம். இருந்தால், புது மீனை ஒரு வாரம் தனிப் பாத்திரத்தில் வைக்கச் சொல்கிறோம். தொட்டியே இன்றுதான் வாங்குகிறார் என்றால், தொட்டியை விற்றுவிட்டு, ஒரு வாரம் கழித்து ஓரிரு மீனோடு தொடங்கச் சொல்கிறோம். அன்றைய விற்பனை குறையும், ஆனால் அவர் திரும்பி வருவார்.

5. விற்பனைக்கு மேல் சரக்கு வாங்குவதில்லை. இருநூறு மீன் ஒரே நடையில் வாங்குவதைவிட, நாற்பது நாற்பதாக ஐந்து நடை வாங்குவது வண்டிச் சத்தம் கூடினாலும் லாபமே.

இவ்வளவும் செய்தும் சில மீன் சாகத்தான் செய்யும். உயிர்ச் சரக்கில் கழிவு இல்லாமல் இராது. அந்தக் கழிவை விலையில் கணக்கிட வேண்டுமே தவிர, வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது. அளவில் ஏமாற்றாதவர், கலப்படம் செய்யாதவர் என்ற பெயரை நம் முன்னோர் தராசைப் பிடித்துச் சம்பாதித்தார்கள். அந்தப் பெயர் நான்கு கண்ணாடித் தொட்டியில் கரைந்துபோக விடலாமா?

அந்த ஆசிரியர் இன்றும் எங்கள் கடை வழியாகத்தான் நடந்து போகிறார். வணக்கம் சொன்னால் வணக்கம் சொல்கிறார். பற்று நோட்டு மட்டும் திரும்பி வரவில்லை. அவருடைய பேரன் சென்ற கோடையில் ஒருநாள் தனியாக வந்து, தொட்டிகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "இது மருத்துவத்தில் உள்ளது" என்ற அட்டையைப் படித்துவிட்டு, "எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டான். "பத்து நாள் ஆகும் தம்பி" என்றோம். பதினோராம் நாள் வந்தான்.